புராணத் தொடர்களைக் கைபேசியிலும் டேப்லட்டிலும் சட்டப்படி பார்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு காலத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருவில் தொலைக்காட்சி இருக்கும் வீட்டுக் கூடத்தில் கூடிப் பார்த்த தொடர்களை, இன்று பேருந்திலும் ரயிலிலும் மருத்துவமனை வரிசையிலும் கைக்குள் வைத்துப் பார்க்கிறோம். எந்த வழியில் பார்ப்பது முறையானது என்ற ஐயம் பலருக்கும் இருக்கிறது. உறவினர்களும் நண்பர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கு இங்கே ஒரே இடத்தில் விடை எழுதியிருக்கிறேன்.

ராமாயணமும் மகாபாரதமும் எல்லோருக்கும் பொதுவானவை. அப்படியிருக்க, அவற்றை வைத்து எடுத்த தொடருக்கு மட்டும் பதிப்புரிமை எப்படி வரும்?

கேள்வியின் முதல் பாதி முழுக்கச் சரி. வால்மீகிக்கும் வியாசருக்கும் கம்பருக்கும் வில்லிபுத்தூராருக்கும் இன்று யாரும் உரிமை கொண்டாட முடியாது. சீதையைத் தேடி அனுமன் கடல் தாண்டிய கதையை யார் வேண்டுமானாலும் எழுதலாம், பாடலாம், நாடகமாக நடிக்கலாம், புதிதாகப் படமும் எடுக்கலாம். ஆனால் அந்தக் கதையைச் சொல்வதற்காக ஒருவர் எழுதிய வசனம், ஒருவர் அமைத்த இசை, நடிகர்களின் நடிப்பு, மாதக்கணக்கில் நடந்த படப்பிடிப்பு ஆகியவை சேர்ந்து உருவான ஒளிப்பதிவு வேறொரு படைப்பு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, ஒலியோடு கூடிய எந்தக் காட்சிப் பதிவையும் திரைப்படம் என்ற வகையில் சேர்க்கிறது. ஆகவே தொலைக்காட்சித் தொடரும் அதில் அடங்கும். வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகளுக்கு அதன் உரிமை நீடிக்கிறது.

ராமானந்த் சாகரின் 'ராமாயண்' 1987 ஜனவரி 25 அன்று தூர்தர்ஷனில் தொடங்கி 1988 ஜூலை வரை 78 பகுதிகளாக ஒளிபரப்பானது. 1987-இல் வந்த பகுதிகளுக்கு 2047-ஆம் ஆண்டின் இறுதி வரையும், 1988-இல் வந்தவற்றுக்கு 2048-ஆம் ஆண்டின் இறுதி வரையும் உரிமை இருக்கிறது. பழைய தொடர்தானே, யாரும் கேட்க மாட்டார்கள் என்பது தவறான எண்ணம்.

இந்தத் தொடரே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதன் தொடக்க எழுத்துகளில், துணைநின்ற நூல்களின் வரிசையில் கம்பராமாயணத்தின் பெயரும் வரும். கம்பனிடமிருந்து எடுத்துக்கொள்ள அவர்களுக்கு யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை. ஆனால் ரவீந்திர ஜெயினின் இசையோடு, நடிகர் அருண் கோவில் ராமனாகவும் தாரா சிங் அனுமனாகவும் நிற்கும் அந்தக் காட்சியைப் பிறர் பரப்ப வேண்டுமானால் அனுமதி தேவை. நூல் ஊருக்குப் பொது, பதிவு எடுத்தவருக்குச் சொந்தம் என்ற இந்த வேறுபாடு பிடிபட்டுவிட்டால், கீழே உள்ள கேள்விகளில் பாதிக்கு விடை தானாகவே கிடைத்துவிடும்.

எந்தத் தொடரை எங்கே தேடுவது?

தொடரை முதலில் ஒளிபரப்பிய தொலைக்காட்சி எது என்று நினைவுபடுத்திக்கொண்டு, அந்தக் குழுமத்தின் செயலியிலிருந்து தேடலைத் தொடங்குவதே குறுக்கு வழி.

ஸ்டார் குழுமத்தின் தொடர்களை ஜியோஹாட்ஸ்டாரில் தேட வேண்டும். ஜியோசினிமாவும் டிஸ்னி பிளஸ் ஹாட்ஸ்டாரும் 2025 பிப்ரவரியில் ஒன்றாகி இந்தப் பெயரைப் பெற்றன. ஆகவே பழைய பெயரில் செயலியைத் தேடிக் கிடைக்காமல் தவிப்பவர்கள் இதைத்தான் நிறுவ வேண்டும். 2013-2014-இல் ஸ்டார் பிளஸில் 267 பகுதிகளாக வந்து, விஜய் தொலைக்காட்சியில் தமிழ்க் குரலோடு ஒளிபரப்பான மகாபாரதம் இந்தக் குழுமத்தைச் சேர்ந்தது. தமிழிலேயே எடுக்கப்பட்ட 'தமிழ் கடவுள் முருகன்' தொடரும் விஜய் தொலைக்காட்சியுடையதே.

சன் தொலைக்காட்சிக்காகத் தமிழிலேயே எடுக்கப்பட்டு, சுரேஷ் கிருஷ்ணா இயக்கத்தில் 2013-இல் தொடங்கிய மகாபாரதம் வேறு தொடர். சன் குழுமத்தின் தொடர்களுக்குரிய செயலி சன் நெக்ஸ்ட். இரண்டும் ஒரே ஆண்டில் தொடங்கி ஒரே பெயரைக் கொண்டிருப்பதால் குழப்பம் வருகிறது. எது வேண்டும் என்று தெரியாதவர்கள் கிருஷ்ணராக நடித்தவரின் முகத்தை நினைத்துக்கொண்டு முன்னோட்டப் படத்தைப் பார்த்தாலே போதும். சௌரப் ராஜ் ஜெயின் முகம் தெரிந்தால் அது விஜய் தொலைக்காட்சியில் வந்தது.

தூர்தர்ஷன் காலத்துத் தொடர்களுக்கு, தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதியே 2024 நவம்பரில் 'வேவ்ஸ்' என்ற செயலியைத் தொடங்கியிருக்கிறது. ராமாயண், மகாபாரத் உள்ளிட்ட பழைய தொடர்கள் அதில் இடம்பெற்றுள்ளன. சோனி, ஜீ ஆகிய குழுமங்களின் தொடர்களுக்குச் சோனி லிவ், ஜீ5 ஆகியவற்றைப் பார்க்கலாம்.

தேடும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். மொழிமாற்றத் தொடர்களுக்குத் தமிழில் வேறு பெயர் இருக்கலாம். இந்தியில் 'சியா கே ராம்' என்று வந்த தொடர் தமிழில் 'சீதையின் ராமன்'. ஒரு பெயரில் கிடைக்கவில்லை என்றால் மற்றொரு பெயரில் தேடிப் பார்த்து, தொடரின் பக்கத்தைத் திறந்த பிறகு மொழித் தேர்வில் தமிழ் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தொடர் இந்தியில் ஓடத் தொடங்கியதுமே தமிழ் இல்லை என்று முடிவுகட்டிச் செயலியை மூடிவிடுபவர்கள் நிறையப் பேர். இரண்டு தொடுதல் தள்ளித்தான் தமிழ் ஒலித்தடம் இருக்கும்.

லவன், குசன் கதை வரும் பகுதிகள் மட்டும் காணவில்லையே?

காணாமல் போகவில்லை. ராமானந்த் சாகரின் முதல் தொடர் பட்டாபிஷேகத்தோடு நிறைவடைகிறது. உத்தரகாண்டக் கதையை அதன் பிறகு தனித்தொடராக எடுத்தார்கள். அதை 'லவ் குஷ்' அல்லது 'உத்தர் ராமாயண்' என்ற பெயரில் தேட வேண்டும். மகாபாரதத்தைப் பொறுத்தவரை, பி.ஆர். சோப்ரா தயாரிப்பில் 1988 அக்டோபர் 2 அன்று தொடங்கி 1990 ஜூன் வரை வந்த தொடருக்கு 94 பகுதிகள். ஒரு தளத்தில் எண்ணிக்கை இதைவிடக் குறைவாக இருந்தால், பகுதிகளை இணைத்திருக்கிறார்களா, வெட்டியிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது. கீதோபதேசம் வரும் இடத்தில் வெட்டு விழுந்த பிரதியைப் பார்ப்பதைவிடப் பார்க்காமலே இருக்கலாம் என்பது என் கருத்து.

பணம் கட்டாமல், அதே சமயம் சட்டத்துக்கு உட்பட்டுப் பார்க்க முடியுமா?

முடியும். சட்டப்படி பார்ப்பது என்றாலே செலவு என்ற எண்ணத்தை விட்டுவிட வேண்டும். உரிமையாளர்களே தங்கள் யூடியூப் சேனலில் முழுப் பகுதிகளையும் வெளியிடும்போது, இடையில் வரும் விளம்பரமே அவர்களுக்கு வருமானம். நீங்கள் எதுவும் கட்ட வேண்டியதில்லை. ராமானந்த் சாகரின் தொடர்களை அவருடைய குடும்ப நிறுவனம் 'திலக்' என்ற சேனலில் வெளியிட்டு வருகிறது. சந்தா கேட்கும் செயலிகளிலும் ஒரு பகுதி உள்ளடக்கம் விளம்பரத்தோடு இலவசமாகத் திறந்திருப்பது உண்டு. பலருடைய கைபேசி ரீசார்ஜ் திட்டத்திலேயே ஏதாவது ஒரு ஓடிடி சந்தா சேர்ந்திருக்கும். ஏற்கெனவே பணம் கட்டிவிட்ட ஒன்றைப் பயன்படுத்தாமலே விட்டுவிடுகிறோம். புதிதாகச் சந்தா எடுப்பதற்கு முன் உங்கள் திட்டத்தின் விவரத்தை ஒருமுறை படித்துப் பாருங்கள்.

கைபேசிக்கு மட்டுமான சந்தா விலை குறைவாக இருக்கும், ஆனால் அதை வைத்துத் தொலைக்காட்சிப் பெட்டியில் பார்க்க முடியாது. வீட்டில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கும் எண்ணம் இருந்தால் அந்தத் திட்டம் பயன்படாது.

யூடியூபில் ஒரே தொடர் பத்துச் சேனல்களில் கிடக்கிறது. எது உரிமையுள்ளது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கூர்ந்து பார்த்தால் படமே சொல்லிவிடும். உரிமையில்லாதவர்கள், யூடியூபின் தானியங்கிக் கண்டறியும் முறைக்குத் தப்புவதற்காகப் படத்தைச் சிதைக்கிறார்கள். சுற்றிலும் பூ வேலைப்பாட்டோடு ஒரு சட்டம் போட்டு, நடுவில் படத்தைச் சிறியதாக வைப்பது ஒரு வழி. ஓட்ட வேகத்தைச் சற்றே கூட்டுவது இன்னொரு வழி. அப்போது பீஷ்மரின் கனத்த குரல்கூட இளைஞனின் குரல்போல் மெலிந்து ஒலிக்கும். மூன்றாவது வழி, கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாற்றுவது. அர்ஜுனன் இடக்கையால் நாணிழுத்தால் பலருக்கு உறுத்தாது, ஏனென்றால் அவன் இரு கையாலும் அம்பெய்ய வல்ல சவ்யசாசி. ஆனால் பீமன் முதல் சகுனி வரை எல்லோருக்கும் இடக்கைப் பழக்கம் இருந்தால் ஐயப்பட வேண்டியதுதான். தொடக்கத்தில் வரும் எழுத்துகள் இடவலம் மாறித் தெரிந்தால் ஐயத்துக்கே இடமில்லை.

சேனலின் பக்கத்தையும் பாருங்கள். எல்லாப் பகுதிகளும் வரிசை எண்ணோடு ஒரே பட்டியலில் இருக்கின்றனவா, விவரக் குறிப்பில் தயாரிப்பு நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா, அந்த நிறுவனத்தின் இணையதளம் இந்தச் சேனலைச் சுட்டுகிறதா என்பவை பார்க்க வேண்டியவை. பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் சரிக்குறியை மட்டும் நம்பிவிடக் கூடாது. அந்தச் சேனலை நடத்துவது யார் என்பதைத்தான் அது உறுதிசெய்கிறதே தவிர, அதில் உள்ள ஒவ்வொரு காணொளிக்கும் அவருக்கு உரிமை உண்டு என்று உறுதி சொல்வதில்லை.

பதிவிறக்கிப் பார்ப்பது குற்றமா?

செயலிக்குள்ளேயே இருக்கும் பதிவிறக்கப் பொத்தானை அழுத்திச் சேமித்தால் அது முழுக்க முறையானது. அந்தக் கோப்பு பூட்டப்பட்ட வடிவில் செயலிக்குள்ளேயே இருக்கும். வெளியே எடுத்து வேறொருவருக்கு அனுப்ப முடியாது. அதற்கு ஆயுளும் உண்டு. யூடியூப் பிரீமியம் சந்தாவில் சேமித்த காணொளிகளுக்கு, குறைந்தது 29 நாட்களுக்கு ஒருமுறையாவது கைபேசி இணையத்தோடு இணைய வேண்டும். மற்றச் செயலிகளில் இந்தக் கெடு வேறு வேறாக இருக்கும். சிலவற்றில் பார்க்கத் தொடங்கியதிலிருந்தே மணிக்கணக்கு ஓடத் தொடங்கும்.

இதை நான் அனுபவத்தில் கற்றுக்கொண்டேன். அம்மாவோடு இரவு ரயிலில் ஊருக்குப் போகும்போது அவருக்காகக் குருக்ஷேத்திரப் போர்ப் பகுதிகள் எட்டை டேப்லட்டில் சேமித்து வைத்திருந்தேன். விழுப்புரம் தாண்டிச் சிக்னல் விட்டு விட்டு வந்த இடத்தில், அபிமன்யு சக்கர வியூகத்துக்குள் நுழையும் பகுதியைத் தொட்டால் 'உரிமம் காலாவதியாகிவிட்டது, இணையத்தில் இணையவும்' என்று திரையில் வந்தது. பத்து நாட்களுக்கு முன்பே சேமித்ததுதான் காரணம். அம்மா ஒன்றும் சொல்லாமல் டேப்லட்டை உறைக்குள் வைத்துவிட்டு, அந்தக் கதையை எனக்கு வாயாலேயே சொல்லி முடித்தார். இப்போதெல்லாம் கிளம்புவதற்கு முதல் நாள் இரவுதான் சேமிக்கிறேன். சேமித்ததும் கைபேசியை ஏரோபிளேன் மோடில் போட்டு, ஒவ்வொரு பகுதியையும் சில நொடிகள் ஓடவிட்டுப் பார்த்துக்கொள்கிறேன். தமிழ் ஒலித்தடத்தைத் தேர்ந்தெடுத்த பிறகே பதிவிறக்கவும் வேண்டும். சில செயலிகள் அப்போது தேர்வில் இருக்கும் மொழியை மட்டுமே சேமிக்கும்.

வெளித்தளங்களில் இணைப்பை ஒட்டிக் காணொளியைக் கோப்பாக இறக்கிக்கொள்வது வேறு விஷயம். அது உரிமையாளரின் அனுமதியில்லாமல் பிரதி எடுப்பதாகும்; யூடியூபின் விதிகளும் அதைத் தடைசெய்கின்றன.

ஒரு முழுத் தொடருக்கு எவ்வளவு டேட்டா செலவாகும்?

கணக்கு எளிது. நொடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் ஓடும் காணொளி ஒரு மணி நேரத்தில் 450 எம்பி எடுக்கும். கைபேசித் திரைக்கு ஏறக்குறைய அந்தத் தரமே போதும். ஒரு பகுதி 45 நிமிடம் என்று வைத்துக்கொண்டால் சுமார் 340 எம்பி. 94 பகுதிகளுக்கு ஏறத்தாழ 32 ஜிபி. நொடிக்கு 4 மெகாபிட் கேட்கும் உயர்தரத்தைத் தேர்ந்தெடுத்தால் இது நான்கு மடங்காகும். நாளொன்றுக்கு 1.5 ஜிபி திட்டம் வைத்திருப்பவர் நொடிக்கு 1 மெகாபிட் தரத்தில் தினமும் இரண்டு பகுதிகளைக் கவலையின்றிப் பார்க்கலாம்.

1987-இல் எடுத்த தொடருக்கு மிக உயர்ந்த தரத்தைத் தேர்ந்தெடுப்பதில் பெரிய பயன் இல்லை. மூலப்பதிவில் இல்லாத நுணுக்கத்தைக் கூடுதல் டேட்டா கொண்டுவந்துவிடாது.

உயர்தரச் சந்தா எடுத்தும் என் கைபேசியில் படம் மங்கலாகவே தெரிகிறதே?

காணொளியை நகலெடுக்க விடாமல் தடுக்கும் காப்புப்பூட்டு, உங்கள் கைபேசியில் எந்த நிலையில் இருக்கிறது என்பது காரணமாக இருக்கலாம். ஆண்ட்ராய்டு கருவிகளில் வைட்வைன் என்ற கூகுளின் முறை, பூட்டிய கோப்பைத் திறக்கும் வேலையைச் செய்கிறது. எல்1 நிலைச் சான்று உள்ள கருவியில் இந்த வேலை வன்பொருளின் பாதுகாப்பான பகுதிக்குள் நடக்கும். எல்3 நிலையில் மென்பொருளிலேயே நடக்கும். எல்3 மட்டும் உள்ள கருவிகளுக்குப் பல ஓடிடி செயலிகள் சாதாரணத் தரத்துக்கு மேல் படத்தை அனுப்புவதில்லை. மலிவு விலை டேப்லட்டுகளில் இந்தக் குறை அதிகம் தென்படும். பெற்றோருக்காக டேப்லட் வாங்குபவர்கள் திரையின் அளவை மட்டும் பார்க்காமல் இதையும் விசாரித்து வாங்க வேண்டும்.

டெலிகிராமில் எல்லாப் பகுதிகளும் கிடைக்கின்றன. பார்ப்பவருக்கு என்ன பொறுப்பு?

அனுமதியற்ற கோப்பை இறக்கினால் நீங்களும் ஒரு பிரதி எடுத்தவர் ஆகிறீர்கள். வாங்கியதை இன்னொரு குழுவுக்கு அனுப்பினால் பரப்பியவரும் ஆகிறீர்கள். தெரிந்தே உரிமை மீறுபவருக்கும் அதற்கு உடந்தையாக இருப்பவருக்கும் பதிப்புரிமைச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. வணிக ஆதாயம் இல்லாத நிலையில் நீதிமன்றம் காரணம் குறிப்பிட்டுத் தண்டனையைக் குறைக்கலாம்.

திருட்டுத் தளங்களின் முகவரி அடிக்கடி மாறுவதற்கும் சட்டமே காரணம். ஒரு தளத்தைத் தடுத்தால் அதே உள்ளடக்கம் வேறு பெயரில் முளைப்பதைக் கண்ட டெல்லி உயர் நீதிமன்றம், 2019 ஏப்ரலில் வழங்கிய தீர்ப்பில், அப்படி முளைக்கும் நகல் தளங்களையும் அதே தடைக்குள் சேர்த்துக்கொள்ள வழி செய்தது.

சட்டத்தைவிட அருகில் இருக்கும் ஆபத்து ஒன்று உண்டு. 'எல்லாப் பக்தித் தொடர்களும் இலவசம்' என்று வரும் ஏபிகே எனப்படும் செயலி நிறுவும் கோப்புகளைப் பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து நிறுவினால், அவை குறுஞ்செய்தி படிக்கும் அனுமதியைக் கேட்கக்கூடும். காணொளி காட்டும் செயலிக்குக் குறுஞ்செய்தியைப் படிக்க வேண்டிய தேவையே இல்லை. அது கேட்பது உங்கள் வங்கியின் ஓடிபிக்காக. வயதானவர்களின் பக்தியைத் தூண்டிலாக்கும் இந்த வழி எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் இணையக் குற்றங்களுக்கான உதவி எண்ணான 1930-ஐ அழைக்க வேண்டும்.

நான் காசு கொடுத்து வாங்கிய டிவிடியைக் கைபேசிக்கு மாற்றிக்கொள்ளலாமா?

தனிப்பட்ட பயன்பாட்டுக்கான நியாயமான கையாளுகையைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு ஏற்கிறது. ஆனால் வட்டில் காப்புப்பூட்டு இருந்து, உரிமையை மீறும் நோக்கத்தோடு அதை உடைத்தால், 2012-இல் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவின்படி 2 ஆண்டு வரை சிறைத்தண்டனைக்கு இடமிருக்கிறது. அதே தொடர் முறையான தளத்தில் கிடைக்கும்போது இந்தச் சிக்கலுக்குள் நுழையத் தேவையில்லை. வட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கோயில் திருவிழாவில் என் கைபேசியை புரொஜெக்டரில் இணைத்து ஒரு பகுதியைப் போட்டுக் காட்டலாமா?

நல்ல நோக்கத்தோடு கேட்கப்படும் கேள்வி என்பதால் விளக்கமாகச் சொல்கிறேன். உண்மையான சமயச் சடங்கின்போது இலக்கிய, நாடக, இசைப் படைப்புகளை நிகழ்த்துவதற்கும் ஒலிப்பதிவுகளைப் போடுவதற்கும் 52-ஆம் பிரிவு விலக்கு அளிக்கிறது. பக்திப் பாடலை ஒலிபெருக்கியில் போடுவதும் கூத்து நடத்துவதும் இதில் அடங்கும். அந்த விலக்கின் சொற்களில் திரைப்படம் இல்லை. தொடர் என்பது சட்டத்தின் பார்வையில் திரைப்படம் என்று முன்பே பார்த்தோம். மேலும், ஓடிடி சந்தா வீட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே உரியது. எனவே தயாரிப்பு நிறுவனத்திடம் எழுத்தில் அனுமதி பெற்றே காட்ட வேண்டும்.

பிடித்த காட்சியை வாட்ஸப் ஸ்டேட்டஸில் வைக்கலாமா?

உரிமையாளரின் சேனலில் உள்ள இணைப்பைப் பகிருங்கள். திரையைப் பதிவுசெய்து துண்டாக வெட்டிப் போடுவதைத் தவிர்க்க வேண்டும். விமர்சனம் எழுதுவதற்காகச் சிறு பகுதியைக் காட்டுவது வேறு.

வெளிநாட்டில் இருக்கிறேன். விபிஎன் போட்டு இந்தியச் சந்தாவில் பார்க்கலாமா?

ஒளிபரப்பு உரிமை நாடு நாடாக விற்கப்படுவதால் இந்தத் தடை வருகிறது. விபிஎன் மூலம் இருக்கும் இடத்தை மறைத்துப் பார்ப்பது சந்தா விதிகளுக்கு முரணானது; கணக்கு முடக்கப்படலாம். நீங்கள் இருக்கும் நாட்டுக்குரிய சந்தாவையோ, உரிமையாளரின் யூடியூப் சேனலையோ முதலில் பார்த்துவிடுங்கள்.

குழந்தைகள் தனியாகப் பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி ஓடிடி தளங்கள் யு, யு/ஏ 7+, 13+, 16+, ஏ என்று வயதுக் குறிப்பு போட வேண்டும். 13+ முதல் பெற்றோர் பூட்டும் தர வேண்டும். புராணம்தானே என்று விட்டுவிடாமல் குறிப்பைப் பாருங்கள். துச்சாதனன் வதமும் சிறுவர் பார்க்க எளிதான காட்சி இல்லை, திரௌபதி சபைக்கு இழுத்துவரப்படும் காட்சியும் அப்படித்தான். அந்தப் பகுதிகளைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதே சரி.

பார்வை மங்கிய பெரியவர்களுக்கு எப்படி அமைத்துக் கொடுப்பது?

எட்டு அங்குலத்துக்குக் குறையாத டேப்லட்டை, கையில் பிடிக்க வேண்டாத வகையில் தாங்கியில் நிறுத்திக் கொடுங்கள். முகப்புத் திரையில் ஒரே ஒரு செயலியின் படத்தை மட்டும் வைத்துவிட்டு மற்றவற்றை அடுத்த பக்கத்துக்குத் தள்ளிவிடுங்கள். செயலியில் அவருக்கென்று தனிச் சுயவிவரம் உருவாக்கினால், விட்ட இடத்திலிருந்து தொடர் தொடங்கும். பேரன் பார்த்த கிரிக்கெட் அங்கே குறுக்கிடாது. பணம் செலுத்தும் வசதிக்குக் கடவுச்சொல் போட்டுவிட வேண்டும். தமிழ் ஒலித்தடத்தை நீங்களே ஒருமுறை தேர்ந்தெடுத்து, அடுத்த பகுதி தானாக ஓடுகிறதா என்று சோதித்த பிறகு அவரிடம் கொடுங்கள்.

என் பெரியம்மாவுக்கு இப்படி அமைத்துக் கொடுத்தேன். விளக்கேற்றிவிட்டு வந்து, திரையைப் புடவைத் தலைப்பால் ஒருமுறை துடைத்துவிட்டுத்தான் அந்தப் படத்தைத் தொடுவார். நாளொன்றுக்கு ஒரு பகுதி. அதற்கு மேல் பார்ப்பதில்லை. இப்போது வனவாசத்தில் இருக்கிறார்.